சின்னப் பிள்ளைகளின் டிவி நேரத்தைக் குறைக்க: எங்கிருந்து தொடங்குவது, என்ன செலவு, எத்தனை வாரம்

வீட்டில் ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் ஒரு பிள்ளை. நாளைக்கு மூன்று நாலு மணி நேரம் டிவி ஓடுகிறது. குறைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ரிமோட்டைக் கையில் எடுத்தாலே வீடு ரணகளமாகிவிடுகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிவியை விற்றுவிடுங்கள், கேபிளை வெட்டுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், நானும் கணவரும், நாலு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண். சென்னையில் வாடகை வீடு, கூடத்தில் ஒரே டிவி. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அத்தையும் மாமாவும். இப்படிப்பட்ட வீட்டில் எது நடக்கும், எது நடக்காது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவு. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் திரையைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும் ஏறக்குறைய இதேதான்: இரண்டு வயதுக்குள் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் பேசும் வீடியோ காலை இதில் சேர்க்க வேண்டாம். மூன்றரை மணி நேரத்திலிருந்து ஒரே தாவலில் ஒரு மணி நேரத்துக்கு வர முடியாது. வழியில் இரண்டு மணி நேரத்தில் கொஞ்ச நாள் நின்றாலும் பரவாயில்லை.

1. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள்

ஒரு பழைய நோட்டை டிவி பக்கத்தில் வையுங்கள். யார் போட்டாலும் நேரத்தையும், அப்போது பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். பிள்ளை என்ன பார்த்தது என்று எழுதத் தேவையே இல்லை. "காலை 7.40, நான் டிபன் பாக்ஸ் கட்டினேன்." "11.00, அத்தை குளிக்கப் போனார்." "மாலை 6.15, குக்கர் வைத்தேன், ஆபீஸ் கால்." இவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துப் படித்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். பிள்ளை கேட்டு டிவி போட்ட நேரம் கொஞ்சம்தான். நமக்கு இருபது நிமிடம் கை ஓயவேண்டி டிவி போட்ட நேரம்தான் அதிகம். அந்த இருபது நிமிடம் முடிந்த பிறகும் அணைக்க மனம் வராமல் அது ஒரு மணி நேரமாக நீண்டிருக்கும். எந்தெந்த வேளையில் நமக்கு டிவி தேவைப்படுகிறது என்று தெரியாமல் எந்தக் கட்டுப்பாடு போட்டாலும் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

யாரும் பார்க்காமல் சும்மா ஓடும் டிவியையும் எழுத மறக்காதீர்கள். செய்தி சேனல், பாட்டு சேனல் எல்லாம் கணக்கில் வரும். பின்னணியில் டிவி ஓடினால் குழந்தை ஒரு விளையாட்டில் நிலைக்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலை திரும்பும். நாம் அதனிடம் பேசும் பேச்சும் நமக்கே தெரியாமல் குறைந்துபோகும்.

2. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

இதை எல்லோரும் கடைசியில் பார்ப்பார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். சேனலை எடுக்கவோ பூட்டவோ போனால் ஓடிபி கேட்கும். அது யார் போனுக்குப் போகும்? எங்கள் வீட்டில் கேபிள் இணைப்பு வீட்டு ஓனர் பெயரில் இருந்தது, பதிவான நம்பர் எங்களுக்கு முன்பு குடியிருந்தவருடையது. வாடகை வீடுகளில் இது சகஜம். கையில் எடுத்து வைக்க வேண்டியவை:

- கேபிள் அல்லது டிடிஎச் வாடிக்கையாளர் எண், செட்டாப் பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் எண். போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.
- பதிவான மொபைல் எண். உங்களுடையதாக இல்லாவிட்டால் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். டிடிஎச்சில் அடையாளச் சான்று கேட்கலாம், ஆதார் நகல் தயாராக இருக்கட்டும். உள்ளூர் கேபிள் என்றால் வசூலுக்கு வரும் அண்ணனிடம் சொன்னாலே பெரும்பாலும் வேலை முடியும், ஆனால் இரண்டு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருக்கும்.
- ஸ்மார்ட் டிவியில் எந்த கூகுள் கணக்கு இருக்கிறது என்ற விவரமும் அதன் பாஸ்வேர்டும். டிவி வாங்கிய அன்று கடையிலிருந்து வந்த பையன் அவசரத்தில் திறந்த கணக்காகவும் இருக்கலாம். அப்படியென்றால் அதை நீக்கிவிட்டு உங்கள் கணக்கைப் போடுங்கள்.
- வைஃபை பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இணைப்புக் கொடுக்க வந்த தம்பியிடம்தான் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். நோட்டில் எழுதும் வாரத்திலேயே தொடங்கிவிட்டால் நேரம் மிச்சம்.

3. வீட்டுப் பெரியவர்களோடு பேசுவது

கூட்டுக் குடும்பத்தில் பாதி வேலை இதுதான். பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய் "டிவி போடாதீங்க" என்று சொல்வது, அவருடைய ஒரே உதவியாளை வேலையை விட்டு நிறுத்துவது போலத்தான். அறுபத்தைந்து வயதில், மூட்டு வலியோடு, இரண்டு வயதுக் குழந்தையின் பின்னால் ஓட அவரால் முடியாது. இதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யார் பேசுவது? மாமியார் என்றால் மகன் பேசட்டும், அம்மா என்றால் மகள். மருமகள் வாயிலிருந்து வந்தால் நல்ல விஷயமும் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "நாங்க பிள்ளை வளர்க்கலையா?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். திரையின் தீமை பற்றி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவதும் வேண்டாம், அதையும் பேரனை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அம்மா, ஒரு நாளில் உங்களுக்கு ரொம்ப சிரமமான நேரம் எது?" அத்தை சொன்னது, பதினொன்றிலிருந்து பதினொன்றரை. குளித்து, துணி உலர்த்தி, சாமி விளக்கேற்றும் நேரம். அந்த அரை மணி நேரத்தை டிவிக்கே ஒதுக்கிவிட்டோம். அவர் கேட்டதைக் கொடுத்த பிறகு மற்ற நேரங்களைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்தது. ஒரு மணி நேரம் என்ற கணக்கில் இந்த அரை மணியும் அடங்கும். மாலையில் இன்னொரு அரை மணி.

அப்புறம் சீரியல். மாலை ஆறரைக்குத் தொடங்கி பத்து மணி வரை ஓடுகிறது, பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்க வேண்டிய நேரமும் அதுதான். சீரியலை நிறுத்தச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. விடவே முடியாத இரண்டு சீரியல் எவை என்று கேளுங்கள். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி சீரியல்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் சீரியல்கள் ஜீ5இல் கிடைக்கின்றன. மதியம் பிள்ளைகள் தூங்கும்போது முந்தின நாள் எபிசோடை நிம்மதியாகப் பார்க்கலாம். அத்தைக்குப் பழக ஒரு வாரம் ஆனது. முதல் நாலைந்து நாள் நானே போட்டுக்கொடுத்துவிட்டு ஆபீஸ் வேலைக்கு உட்கார்ந்தேன். இப்போது விளம்பரம் இல்லாமல் பார்க்க முடிகிறது என்று எதிர் வீட்டு அம்மாவுக்குச் சொல்லித் தருகிறார். மாமாவின் செய்திக்கு ஒரு பழைய டேப்லெட்டும் இயர்போனும் போதும்.

4. சும்மா ஓடும் டிவியை முதலில் நிறுத்துங்கள்

அழுகையே வராத இடம் இது. யாரும் பார்க்காதபோது அணை. சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று முதலில் தோன்றும், ரேடியோவோ பாட்டோ போட்டுக்கொள்ளுங்கள். படம் ஓடாதவரை சரி. இரண்டாவது வாரம் இதோடு போதும்.

5. மாலை ஆறு முதல் ஏழரை வரை: இதை நிரப்பாமல் எதுவும் நடக்காது

எங்கள் நோட்டில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான். இரவுச் சமையல், ஆபீஸ் கடைசி கால், பிள்ளைகளின் களைப்பு எல்லாம் ஒன்றாகச் சேரும் வேளை. "விளையாடப் போ" என்று சொன்னால் போக மாட்டார்கள். அறை நிறையப் பொம்மை இருந்தும் மாட்டார்கள். இந்த வயதில் பெரியவர் இருக்கும் இடத்தில்தான் பிள்ளைக்கும் இருக்க வேண்டும். அதனால் சமையலறை வாசலிலேயே அவர்களுக்கு ஓர் இடம் போட்டுக்கொடுப்பதுதான் வழி. ஒரு பாய், ஒரு தாம்பாளம், ஏதாவது ஒரு நிஜமான வேலை.

நிஜமான வேலை என்பதுதான் முக்கியம். முருங்கைக்கீரை உருவுவதற்கு ஈடாக நான் எந்தப் பொம்மையையும் பார்த்ததில்லை. ஒரு கொத்தைக் கையில் கொடுத்தால் பையன் ஒவ்வொரு இலையாகப் பிய்த்துத் தாம்பாளத்தில் போடுவான். பெரியவர்கள் இரண்டே இழுப்பில் முடிப்பதை அவன் அரை மணி நேரம் செய்வான், பாதி காம்போடு வரும். அந்தப் பாதியைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் பொறுக்கிக்கொள்ளலாம், அவன் எதிரே மட்டும் வேண்டாம். பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, பூண்டுத் தோலை உரசி எடுப்பது, வெண்டைக்காயை நீளவாரியாக அடுக்குவது எல்லாம் வேலை செய்யும். இரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு வாளியில் கால்வாசித் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி. தரை நனையும், பழைய துண்டு ஒன்றை அடியில் விரித்துவிடுங்கள். தண்ணீர் இருக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு கண் இருந்தே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

சில எச்சரிக்கைகள். நாலு வயதுக்குள் வேர்க்கடலை, புளியங்கொட்டை, சோழி எதையும் கையில் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். மூக்கில் போட்டுக்கொள்வதும் உண்டு. பட்டாணிக்கும் பூண்டுக்கும் அதே கதைதான், இரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல்லாங்குழி ஐந்து வயதுக்கு மேல் நன்றாகப் பிடிக்கிறது. தாத்தா வீட்டில் இருந்தால் அது அவருடைய துறை. கொதிக்கும் பாத்திரம் இருக்கும் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே ஆள் நடக்கும் அளவு இடைவெளி கட்டாயம்.

ஆறு மணிக்கு முன்பு அரை மணி நேரம் வெளியே கூட்டிப்போக யாராவது கிடைத்தால் இந்த வேளை பாதி சுலபமாகிவிடும். மொட்டைமாடி, தெரு முனை, பூங்கா, எதுவானாலும் சரி. மாமா இதை எடுத்துக்கொண்டார். மாடித் தரையில் சாக்பீஸால் பஸ் வரைவதும், பிறகு தண்ணீர் ஊற்றி அதை அழிப்பதும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. மழைக்காலத்தில் இது நடக்காது என்பதால் அந்த மாதங்களில் டிவி அரை மணி கூடத்தான் செய்யும், கவலைப்பட வேண்டாம்.

புத்தகத்தையும் இந்த வேளைக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரிவரவில்லை, சமைக்கும்போது யார் வாசித்துக் காட்டுவது? தூங்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி சீரியலின் இடத்தை அது பிடிக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், கதைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். போனில் காட்டாமல் அச்செடுத்துப் பின் அடித்துக் கொடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் நூல்கள் விலை மலிவு. சென்னையில் துளிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருகின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. போய் உட்கார்ந்து வாசிக்கக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு எடுத்துவர வேண்டுமென்றால் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். முகவரிச் சான்று நகலோடு போனால் போதும், தொகை சொற்பம்.

6. பெட்டியில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

எல்லோரும் முதலில் இங்கேதான் வருவார்கள். நான் வேண்டுமென்றே ஆறாவதாக வைத்திருக்கிறேன். மேலே சொன்ன ஓட்டைகளை அடைக்காமல் பூட்டு மட்டும் போட்டால், முதல் நெருக்கடியில் நாமே பின் நம்பரை அடித்துத் திறந்துவிடுவோம்.

கேபிள், டிடிஎச்: 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். சுட்டி டிவி, போகோ, நிக் போன்றவற்றை எடுத்துவிடலாம் என்று தோன்றும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அவை பெரும்பாலும் ஏதோ ஒரு தொகுப்புக்குள் இருக்கும். ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் தொகுப்பையே விட வேண்டும், மற்ற சேனல்களைத் தனித்தனி விலைக்கு வாங்கும்போது பில் கூடிப்போகலாம். செட்டாப் பாக்ஸிலேயே சேனல் பூட்டு இருக்கிறது, செலவில்லை. பல பெட்டிகளில் ஆரம்ப பின் 0000 அல்லது 1234. முதல் வேலையாக அதை மாற்றுங்கள், நாலு வயதுப் பிள்ளைக்கு 1234 தெரியும்.

யூடியூப்: அடுத்த வீடியோ தானாக ஓடுவதை செட்டிங்ஸில் அணையுங்கள். டிவியில் தனியாக, போனில் தனியாக அணைக்க வேண்டும். ஒன்றில் அணைத்தால் மற்றதிலும் அணையும் என்று நம்பாதீர்கள். இதைவிடப் பலன் தந்தது இன்னொன்று. டிவியில் இருக்கும் கணக்கின் பார்வை வரலாற்றை முழுக்க அழித்து, இனி சேமிக்காதபடி அணைத்துவிடுங்கள். முகப்புப் பக்கத்தில் பரிந்துரை வீடியோக்கள் வராமல் வெறுமையாக நிற்கும். வரிசையாகப் படம் கண்ணில் பட்டால்தானே "அது வேணும், இது வேணும்". இதற்கென்றே டிவியில் தனி கூகுள் கணக்கு வைத்துக்கொள்வது வசதி, உங்கள் சொந்த வரலாறு போகாது.

யூடியூப் கிட்ஸ் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. அதிலும் முடிவில்லாமல் ஓடும். பெற்றோர் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நீங்களே பத்துப் பதினைந்து வீடியோக்களைப் பொறுக்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றிரண்டு மணி நேரம் போகும். பிள்ளைகளுக்கு ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் அலுப்பே கிடையாது, நமக்குத்தான் அலுக்கும்.

கூகுள் டிவி வகையில் குழந்தை ப்ரொஃபைல் உருவாக்கி நாளைக்கு எவ்வளவு நேரம், தூங்கும் நேரம் எது என்று வைக்கலாம். வெளியே வரப் பின் கேட்கும். நெட்ஃபிளிக்ஸில் அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை ப்ரொஃபைல் வாரியாக அணைக்க வேண்டும். பழைய டிவி என்றால் வைஃபை பெட்டியில் டிவிக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு வைக்கலாம், முன்பு வாங்கிய அட்மின் பாஸ்வேர்டு இங்கே உதவும்.

பிளக்கில் பொருத்தும் டைமர் வாங்கலாமா? நான் வாங்கினேன், திருப்பி அனுப்பிவிட்டேன். செட்டாப் பாக்ஸும் அதே எக்ஸ்டென்ஷனில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் சிக்னல் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. மாமாவின் செய்தியும் நடுவில் போனது. பாட்டு நடுவில் கரெண்ட் போனதுபோல் அணைந்தால் பிள்ளையும் பெரிதாக அழுகிறது.

குரலில் தேடும் ரிமோட்டைப் பற்றி ஒரு வார்த்தை: எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் சாவி. ரிமோட் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

7. அணைக்கும் அந்த இரண்டு நிமிடம்

நேரம் முடிந்துவிட்டது என்பதைக் கடிகாரத்தால் சொல்லாதீர்கள். நாலு வயதில் பத்து நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. "இந்தக் கதை முடிஞ்சதும்" என்று சொன்னால் புரியும். அதனால் ஏழெட்டு நிமிடத்தில் முடியும் துண்டு நிகழ்ச்சிகளாகப் பார்த்துப் போடுங்கள், எண்ணிக்கையில் பேசலாம். இரண்டு கதை என்றால் இரண்டு கதை. இரண்டாவது முடியும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் ரிமோட்டைப் பிள்ளையிடமே கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள். தானே அணைத்தால் அழுகை பாதியாகிறது. அணைத்த கையோடு அடுத்த வேலை தயாராக இருக்க வேண்டும், வெறும் கூடத்தில் விட்டுவிட்டுப் போனால் திரும்பக் கேட்கும்.

முதல் நாலைந்து நாள் அழுகை கூடும். மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும்போது பாட்டியின் மனம் இளகி டிவி போட்டுவிட்டால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். விருந்தாளி வரும் வாரம், காய்ச்சல் விட்ட வாரம், பள்ளி சேர்த்த வாரம் எதிலும் தொடங்காதீர்கள்.

"சாப்பிட்டா டிவி", "சேட்டை பண்ணினா டிவி கட்" இரண்டையும் விட்டுவிடுங்கள். பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்கினால் டிவியின் மதிப்புதான் ஏறும்.

8. சாப்பாட்டை கடைசியில் தொடுங்கள்

பலரும் சாப்பாட்டு வேளையில்தான் தொடங்கச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை இரண்டு வாய் குறைத்துச் சாப்பிட்டால் நம் வீடுகளில் மொத்தத் திட்டமும் அன்றே ரத்தாகிவிடும். மற்ற வேளைகள் பழகிய பிறகு, ஒரே ஒரு வேளையில் தொடங்குங்கள். காலை இட்லி நல்ல தேர்வு, பசி இருக்கும், கையால் எடுத்துச் சாப்பிடலாம், சிந்தினாலும் கூட்டிவிடலாம். பருப்பு சாதம் ஊட்டும் இரவு வேளை எல்லாவற்றுக்கும் பிறகு.

ஊட்டுவதையும் கூடவே குறைக்க வேண்டியிருக்கும். டிவி பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் பிள்ளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. டிவி இல்லாதபோது குறைவாகச் சாப்பிடுவது போலத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், மிச்சம் வைத்தால் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் பசி வரும். எடை ஏற்கெனவே குறைவாக இருக்கும் குழந்தை என்றால் இந்தப் படிக்கு முன் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் போனால் எடை வளர்ச்சியை அதிலேயே பார்த்துச் சொல்வார்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, இதெல்லாம் இருந்தால் "டிவி பார்த்ததால்தான், குறைத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். டிவியைக் குறையுங்கள், மருத்துவரையும் உடனே பாருங்கள். அரசு சார்பில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, டிஇஐசி என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழி சொல்வார்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

9. செலவும் காலமும்

எங்களுக்குக் கைக்காசு பெரிதாகச் செலவாகவில்லை. சாக்பீஸ், பாய், கதை அச்செடுத்தது எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். புத்தகங்கள் உங்கள் விருப்பம். ஓடிடி சந்தா ஒன்று ஏற்கெனவே இருந்தது, இன்னொன்று அத்தைக்காகப் போட்டோம். ஆண்டுச் சந்தாவாக எடுக்கும் முன் ஒரு மாதம் மட்டும் எடுத்து, அவருக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுச் சாமான்களை இதற்காக வாங்கிக் குவிக்காதீர்கள். இருப்பவற்றில் பாதியைப் பரணில் போட்டுவிட்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாற்றி இறக்கினால் புதிது போலவே விளையாடுவார்கள்.

உண்மையான செலவு நேரம்தான். மாலைச் சமையல் முதல் மாதத்தில் தினமும் அரை மணி நேரம் கூடுதலாக இழுக்கும். அதைத் தாங்கும் வகையில் குழம்பைக் காலையிலேயே வைத்துவிடுவது, இரவுக்கு ஒரே பாத்திரச் சமையல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டு ஒரு வாரம், சும்மா ஓடும் டிவி ஒரு வாரம், மாலை வேளைக்கு இரண்டு மூன்று வாரம், பெட்டி மாற்றங்களும் அணைக்கும் பழக்கமும் இரண்டு வாரம், அப்புறம் சாப்பாடு. மொத்தம் இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். மே விடுமுறைக்கு முன் முடியும்படி பிப்ரவரியில் தொடங்குவது நல்லது.

10. இடையில் வரும் தடங்கல்கள்

காய்ச்சல் வந்தால், ரயிலில் போனால், கிரிக்கெட் மேட்ச் இருந்தால் விதியைத் தளர்த்துங்கள். எப்போது திரும்பும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "காய்ச்சல் சரியாகி ஸ்கூல் போற அன்னைக்கு மறுபடி ரெண்டு கதைதான்." ஊருக்குப் போனால் அங்கே நம் சட்டம் செல்லாது. உறவினர் வீட்டில் நாள் முழுக்க டிவி ஓடும், விட்டுவிடுங்கள், திரும்பி வந்து இரண்டு நாள் சிணுங்கிவிட்டு அடங்கும்.

மிகப் பெரிய ஆபத்து போன். டிவி குறைந்த அளவு போன் ஏறிவிட்டால் முன்பைவிட மோசம். கூடத்து டிவியையாவது நாமும் கூடப் பார்க்கிறோம், போனில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பிள்ளைக்குப் போனில் வீடியோ கிடையாது என்பதை டிவியைத் தொடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். டிவியில் ஒரு மணி நேரம் கிடைக்கும், போனில் எதுவும் கிடைக்காது என்றால் பிள்ளைக்கும் குழப்பமில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நோட்டை எடுத்து மூன்று நாள் மட்டும் எழுதிப் பாருங்கள். பிள்ளை எல்கேஜி போகத் தொடங்கினால், மதியத் தூக்கம் நின்றால் ஓட்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும். எங்களுக்கு இப்போது அது மாலை நாலு மணி, பள்ளி விட்டு வந்து சட்டை மாற்றும் நேரம். செட்டாப் பாக்ஸின் பின் நம்பரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய நம்பரை பாட்டியிடம் சொல்லும்போது பேரன் பக்கத்தில் இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.